அப்பாவுக்குத் தெரியாமல் அவரை மருந்துச் சோதனையில் சேர்க்க முடியுமா?

மும்பை தாராவியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 64 வயது. இளவயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பை தைக்கும் பட்டறை நடத்தியவர். பீடி, சிகரெட் தொட்டதில்லை. விடாத இருமலுக்கு டிபி என்று சொல்லி சில மாதம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குறையாததால் சி.டி. ஸ்கேன், பயாப்சி எல்லாம் எடுத்து, ‘அடினோகார்சினோமா, நான்காம் நிலை’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அதாவது நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை, உடலின் மற்ற இடங்களுக்கும் பரவிய நிலை. ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று கீமோ முடிந்துவிட்டது. அப்பாவிடம் மட்டும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. “நெஞ்சில் சளி கட்டியிருக்கு, அதைக் கரைக்கிற மருந்து” என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இந்த நேரத்தில் குடும்பத்துக்குள் மூன்று பேச்சு ஓடுகிறது. லண்டனில் நுரையீரல் புற்றுநோய்க்குத் தடுப்பூசி வந்துவிட்டது என்று அண்ணனுக்கு ஒரு வாட்ஸப் செய்தி வந்திருக்கிறது. மும்பையில் நடக்கும் ஏதாவது சோதனையில் அப்பாவை உடனே சேர்க்க வேண்டும் என்கிறார். தெரிந்தவர் மூலம் வந்த ஏஜெண்ட் ஒருவர், கியூபா நாட்டுத் தடுப்பூசியை 6 லட்சத்துக்கு வரவழைத்துத் தருவதாகச் சொல்கிறார். “எலிக்குப் போடுற ஊசியை எங்க அண்ணனுக்குப் போட விடமாட்டேன்” என்று சித்தப்பா ஒரே பிடியாக நிற்கிறார். சகோதரியின் கேள்விகள் இரண்டு: அப்பாவுக்கு விஷயம் தெரியாமலே நானும் அண்ணனும் கையெழுத்துப் போட்டு அவரைச் சேர்க்கலாமா? தடுப்பூசி கிடைத்துவிட்டால், அவரை வாட்டி எடுக்கிற கீமோவை நிறுத்திவிடலாமா?

அன்புச் சகோதரி, இரண்டு கேள்விக்கும் பதில் ‘முடியாது’ என்பதுதான். இதைக் கேட்டதும் மனம் சோர்ந்துவிட வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது, தடுப்பூசியைத் தேடி ஓடுவதற்கு முன்னால் உங்கள் அப்பாவுக்குச் செய்ய வேண்டிய ஒன்று விட்டுப்போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதையும் சொல்கிறேன்.

அந்த லண்டன் ஊசி எந்த நிலையில் இருக்கிறது

அம்மைக்கும் போலியோவுக்கும் போடுவது நோய் வராமல் தடுக்கும் ஊசி. நீங்கள் செய்தியில் படித்தது அந்த வகை இல்லை. நோய் வந்தவருக்கே போட்டு, புற்றுச் செல்களின் மேல் இருக்கும் சில அடையாளங்களை உடலின் எதிர்ப்புச் சக்திக்குக் காட்டிக்கொடுத்து, அவற்றைத் தாக்கத் தூண்டுகிற சிகிச்சை ஊசி. தடுப்பூசி என்ற பெயரே மக்களை ஏமாற்றிவிடுகிறது. ‘போட்டால் தீர்ந்தது’ என்று நினைத்துவிடுகிறார்கள்.

2024 ஆகஸ்டில் லண்டனில் முதல் நோயாளிக்குப் போடப்பட்ட ஊசியின் பெயர் பி.என்.டி.116. கோவிட் ஊசியில் பயன்பட்ட அதே எம்.ஆர்.என்.ஏ. முறையில் பயோன்டெக் நிறுவனம் உருவாக்கியது. 7 நாடுகளில் 34 இடங்களில் அந்தச் சோதனை தொடங்கியது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. முக்கியமாக, அது முதல் கட்டச் சோதனை. இந்த அளவு கொடுத்தால் உடம்பு தாங்குமா, என்ன பக்கவிளைவு வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் கட்டத்தின் வேலை. பலன் இருக்கிறதா என்பதை இரண்டாம் கட்டத்தில் பார்ப்பார்கள். இப்போதிருக்கும் சிகிச்சையைவிட மேலா என்று ஒப்பிடுவது மூன்றாம் கட்டத்தில். முதல் கட்டத்தில் சேர்பவருக்கு நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவர் செய்வது பெரும்பாலும் பின்னால் வரப்போகிறவர்களுக்கான உதவி. அண்ணன் இதைத் தெரிந்துகொண்டு பேசட்டும்.

மாடர்னா, மெர்க் என்ற இரண்டு மருந்து நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் இன்னொரு சோதனை மூன்றாம் கட்டத்துக்கே வந்துவிட்டது. ஒவ்வொரு நோயாளியின் கட்டியிலும் உள்ள மாற்றங்களைப் படித்து, அவருக்கென்றே ஊசி தயாரிக்கிறார்கள். நம்பிக்கை தரும் வேலைதான். ஆனால் அது அறுவை சிகிச்சையில் கட்டியை முழுமையாக எடுத்துவிட்டவர்களுக்கானது. நான்காம் நிலையில் இருக்கும் உங்கள் அப்பா அதில் சேர முடியாது.

இந்தத் துறையில் தோல்விகள் நிறைய. மேஜ்-ஏ3 என்ற ஊசியை 2,000க்கும் மேற்பட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் சோதித்து, பலன் இல்லையென்று 2014இல் கைவிட்டார்கள். டெசிமோடைட் என்ற ஊசியும் பெரிய மூன்றாம் கட்டச் சோதனையில் எதிர்பார்த்த ஆயுள் நீட்டிப்பைக் காட்டவில்லை. இரண்டுமே முதலில் கைதட்டல் வாங்கியவைதான்.

கியூபா ஊசியும் ஏஜெண்டும்

கியூபாவின் சிமாவேக்ஸ் பொய்யான மருந்து இல்லை. அந்த நாட்டில் அனுமதி பெற்றது. ஹவானாவில் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது. அமெரிக்காவில் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையம்கூட அதை எடுத்துச் சோதித்தது. அதன் மூன்றாம் கட்டச் சோதனையில் 405 பேர் இருந்தார்கள். முதல் நான்கு ஊசியையும் முழுதாகப் போட்டுக்கொண்டவர்கள், போடாதவர்களைவிட சராசரியாக சுமார் 3 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். அதுவும் கீமோ முடிந்த பிறகு போட்டது. கீமோவுக்குப் பதிலாக யாருக்கும் போடவில்லை.

ஏஜெண்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்தியாவில் விற்பனை அனுமதி இல்லாத மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க, மருத்துவர் சீட்டோடு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் முறையாக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். யாரோ பெட்டியில் கொண்டுவரும் குப்பியில் என்ன இருக்கிறது, வழி முழுக்கக் குளிரில் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: முறையான மருந்துச் சோதனையில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். “சோதனைதான், ஆனால் இத்தனை லட்சம் கட்டணும்” என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய கட்டடத்தில் உட்கார்ந்து சொன்னாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு ரிப்போர்ட்

நான்கைந்து ரிப்போர்ட்டுகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற பெயர்கள் எங்கேயும் இல்லை. பயாப்சியில் எடுத்த திசுவில் செய்யும் மரபணுப் பரிசோதனைகள் இவை. அடினோகார்சினோமா வகை என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்தியாவில் இந்த வகை வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கிறது. புகைப்பழக்கம் இல்லாதவர்களிடம் இன்னும் அதிகம். உங்கள் அப்பா புகைத்ததே இல்லை.

மாற்றம் இருந்தால் அதற்கென்றே மாத்திரை உண்டு. ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் போன்றவற்றை இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. ஓசிமெர்ட்டினிப் விலை கூடியது. அதற்கான சுங்க வரியை 2024 பட்ஜெட்டில் நீக்கினார்கள். தினமும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் மாத்திரை. சரியான ஆளுக்குக் கொடுத்தால் இருமலும் மூச்சுத்திணறலும் சில வாரங்களிலேயே குறைவதைப் பார்க்கலாம். கீமோ வேண்டாமே என்று ஏங்குகிறீர்கள் அல்லவா, அதற்கு இன்று நிஜமாகக் கைக்கு எட்டக்கூடிய வழி இதுதான், மாற்றம் இருந்தால். இல்லையென்றால் பி.டி.எல்.1 என்ற பரிசோதனையைப் பார்த்து, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்து பற்றிப் பேச வேண்டும்.

அடுத்த தடவை போகும்போது மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: “ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ராஸ்1, பி.டி.எல்.1 பார்த்தாச்சா? ரிசல்ட் எங்கே?” பார்க்கவில்லை என்றால், பயாப்சி செய்த லேபிலிருந்து ‘பிளாக்’ வாங்குங்கள். சிறிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் மெழுகு, அதற்குள் அப்பாவின் திசு, ஓரத்தில் ஒரு எண். பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். எந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போனாலும், எந்தச் சோதனையில் சேரப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். அது தொலைந்தால் இன்னொரு தடவை ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டிவரும். வெயில் படாத இடத்தில், மாத்திரை டப்பாவோடு கலக்காமல் வையுங்கள். எதற்காவது கொடுத்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

மும்பையிலேயே இருக்கிறீர்கள், பரேலில் இருக்கும் டாட்டா நினைவு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்பது உங்களுக்குச் சிரமமில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ரயிலேறி வருகிறவர்கள் வரிசையில் நிற்கும் இடம் உங்கள் வீட்டிலிருந்து சில ஸ்டேஷன் தூரம்தான். கூட்டத்துக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

சோதனையில் சேர்வதென்றால்

இதெல்லாம் பார்த்த பிறகும் சேரலாம் என்று தோன்றினால், அது நல்ல முடிவாகவே இருக்கலாம். ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் மருந்துச் சோதனைப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 2009 ஜூனிலிருந்து நம் நாட்டில் நடக்கும் ஒவ்வொரு மருந்துச் சோதனையும் அதில் பதிவாக வேண்டும். நுரையீரல் புற்றுநோய் என்று போட்டுத் தேடினால் எந்த ஊரில், எந்த மருத்துவமனையில், எந்தக் கட்டம், ஆள் சேர்க்கிறார்களா முடித்துவிட்டார்களா என்று எல்லாம் வரும். அதில் பெயர் இல்லாத சோதனை பக்கமே போக வேண்டாம்.

தேடியவுடன் இடம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். நோயின் நிலை, இதற்கு முன் எடுத்த மருந்து, மூளைக்குப் பரவியிருக்கிறதா, ஸ்டீராய்டு சாப்பிடுகிறாரா, தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா என்று பல நிபந்தனைகள் இருக்கும். பலர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். சேர்ந்தாலும் காய்ச்சல், குளிர், அசதி, ஊசி போட்ட இடத்தில் வலி வரும். இம்யூனோதெரபியும் கூடவே தந்தால் நுரையீரல் அழற்சி, தைராய்டு கோளாறு, வயிற்றுப்போக்கு வரை வரலாம். அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள்; சில சமயம் மறுபடி பயாப்சி. அந்த நாட்களெல்லாம் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நாட்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

“பாதிப் பேருக்கு வெறும் தண்ணி ஊசி போடுவாங்களாமே” என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல சிகிச்சை ஒன்று இருக்கும்போது, அதைக் கொடுக்காமல் வெறும் ஊசி மட்டும் போட்டு வைக்க, சோதனையை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழு அனுமதிக்காது. பொதுவாக எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. அதன் மேல் ஒரு குழுவுக்குப் புது மருந்து, மற்றக் குழுவுக்கு அது இல்லை. யாருக்கு எது என்பதை நீங்களோ மருத்துவரோ தேர்ந்தெடுக்க முடியாது.

2019இல் வந்த புது மருந்துகள், மருந்துச் சோதனைகள் விதிகள் உங்கள் அப்பாவுக்குத் தரும் உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

– சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். சோதனைதான் காரணம் என்று முடிவானால் இழப்பீடும் உண்டு. உத்தரவு வந்த 30 நாளுக்குள் நடத்தும் நிறுவனம் கொடுக்க வேண்டும்.

– எந்த நாளிலும், காரணம் சொல்லாமல், விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

– தகவல் தாளும் கையெழுத்திட்ட படிவமும் ஒரு பிரதி கையில் தர வேண்டும். நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரமும் அவரிடம் இருக்க வேண்டும்.

– அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். அப்பா ஹிந்தி சரளமாகப் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிப்பது தமிழ் மட்டும்தான் என்கிறீர்கள். மும்பையில் படிவம் பெரும்பாலும் இங்கிலீஷ், ஹிந்தி, மராத்தியில் இருக்கும். தமிழ்ப் படிவம் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், நாமினி பெயர் கேட்டிருப்பார்கள். எல்.ஐ.சி. பாரம் மாதிரி இருக்கிறதே என்று பல குடும்பங்கள் அந்த இடத்தில் பயந்து பேனாவைக் கீழே வைத்துவிடுகின்றன. இழப்பீடு தேவைப்பட்டால் கணக்கிடத்தான் அந்த விவரம். வழக்கமான கீமோ மருந்துக்கும் ஸ்கேனுக்கும் யார் பணம், போக்குவரத்துச் செலவு தருவார்களா என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இனி அப்பா

அந்தக் கையெழுத்து உங்கள் அப்பாவுடையது. சுயநினைவு இல்லாதவர், குழந்தை, தானாக முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவர் என்றால்தான் வேறொருவர் போடலாம். உங்கள் அப்பா காலையில் பேப்பர் படிக்கிறார், பட்டறைக் கணக்கை இன்றும் அவர்தான் பார்க்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் போட முடியாது. ‘சளிக்கு மருந்து’ என்று சொல்லி அவரிடமே கையெழுத்து வாங்குவது அதைவிட மோசம்.

இந்த விதிகள் எல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 2009இல் அப்போது ஆந்திராவில் இருந்த, இன்று தெலங்கானாவில் இருக்கும் கம்மம் மாவட்டத்தில் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட ஆய்வில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஆய்வே நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அந்த ஆய்வில் சேர்ந்த சிறுமிகளில் சிலர் இறந்திருந்தார்கள்; அந்தச் சாவுக்கு ஊசி காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் யார் சம்மதித்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போனது. சித்தப்பாவின் பயம் வெறும் பிடிவாதம் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் அப்பாவிடம் மறைத்தது பாசத்தால்தான், எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் இதுதான் வழக்கம். ஆனால் தலைமுடி கொட்டிவிட்டது, கீமோ அறையில் சுற்றிலும் முடியில்லாத தலைகள், வீட்டுக்கு வரும் உறவினர் முகத்தைப் பார்த்து அழுகையை அடக்குகிறார்கள். 64 வயது மனிதருக்கு இது புரியாதா? பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று அவர் உங்களிடம் மறைத்துக்கொண்டிருப்பார். இப்படி இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சுமக்கும் குடும்பங்களை நான் வெளிநோயாளிப் பிரிவில் வாராவாரம் பார்க்கிறேன்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். அவர் தெம்பாக இருக்கும் ஒரு நாளில், கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து, “அப்பா, உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?” என்று கேளுங்கள். அவர் பேசட்டும். “டாக்டர் சொன்னதை முழுசா தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாங்களே பார்த்துக்கட்டுமா?” என்பது அடுத்த கேள்வி. தெரிய வேண்டும் என்றால் நோயின் பெயரைச் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். நாள் கணக்குச் சொல்ல வேண்டாம். அது யாருக்கும் தெரியாது. உங்களால் முடியாவிட்டால் மருத்துவரைச் சொல்லச் சொல்லி, பக்கத்தில் இருங்கள். தெரிய வேண்டாம் என்று அவரே சொன்னால் அதையும் மதியுங்கள். ஆனால் அப்போது மருந்துச் சோதனை என்ற பேச்சை விட்டுவிட வேண்டும்.

மறக்காமல் வலி நிவாரண மருத்துவரையும் இப்போதே பாருங்கள். “அது கடைசியிலதானே” என்று நினைப்பது தவறு. பாஸ்டனில் பரவிய நிலை நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஆரம்பத்திலிருந்தே வலி நிவாரணக் குழுவின் கவனிப்பும் கிடைத்தவர்கள் மனச்சோர்வு குறைந்து இருந்தார்கள், சராசரியாக 11.6 மாதம் வாழ்ந்தார்கள். மற்றவர்கள் 8.9 மாதம். 6 லட்சம் கேட்கும் அந்தக் கியூபா ஊசி காட்டிய வித்தியாசத்துக்கு இது ஏறக்குறைய சமம்.

சித்தப்பாவோடு சண்டை வேண்டாம். சோதனை பற்றி மருத்துவர் விளக்கும் நாளில் அவரையும் கூட்டிப்போய், அவருடைய கேள்விகளை அவரையே கேட்கச் சொல்லுங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்து படித்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பதில் சொல்லலாம். எல்லாம் கேட்ட பிறகு அப்பா “எனக்கு வேண்டாம்” என்றால் அதோடு முடிந்தது. அண்ணனும் வற்புறுத்தக் கூடாது.

கடிதத்தின் கடைசியில், ஊரிலிருந்து வரும் லேகியத்தை டாக்டருக்குத் தெரியாமல் கொடுத்து வருகிறோம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கீமோ நேரத்தில் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய பொருள் அதில் இருக்கலாம். பல சோதனைகளில் வேறு மருந்து எடுப்பவரைச் சேர்க்கவும் மாட்டார்கள். இன்றைக்கே நிறுத்திவிட்டு, அடுத்த தடவை போகும்போது அந்த டப்பாவை அப்படியே எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.